வெட்டியெடுத்த இருமல்

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் சரிபண்ணிக் கொடுக்கிற மனுஷன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் இது பழகிப்போன வேடிக்கை. "அது வேற கம்பெனிது, நான் கைவைக்கக் கூடாது" என்பார் அவள் வீட்டுக்காரர். ஸ்கேன் படங்கள் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாலு மாடியும் ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். தொண்டைக்குள் காற்று விசிலடித்துக்கொண்டு போய்வந்தது.

குரல்வளையில் கட்டி. மருந்தில் கரையும் கரையும் என்று மாதக்கணக்கில் ஓட்டிவிட்டார்கள். கரையவில்லை. "குரல்வளையோட எடுத்தாத்தான் உயிருக்குப் பயமில்ல" என்றார் டாக்டர். "அப்ப பேச்சு?" என்று கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"பேச வேண்டியதெல்லாம் இப்பவே பேசிக்கோங்கம்மா" என்றார்.

இத்தனைக்கும் அவள் பேசியே பிழைத்தவள். பேருந்து நிலையத்தில் விடியற்காலையிலிருந்து மதியம்வரை கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது புறப்படும் என்று சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. அவள் குரலைக் கேட்டு அரக்கப்பரக்க ஓடாத ஆள் அந்த ஊரில் இருக்க முடியாது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலை போவதில் அவளுக்குப் பெரிய வருத்தமொன்றும் இல்லை. போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது. அவளை அரித்தது வேறொன்று.

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு. பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டுவிடும், அம்மாவின் வேலையும் மதியத்தோடு முடியும். சாப்பிட்டுவிட்டு இருவரும் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பார்கள். பட்டப்பகலில் அம்மா பாடுவாள். பாட்டும் அவளே கட்டியதுதான், பேருந்து நிலையத்துப் பாட்டு.

கடைசி வண்டி போயாச்சு,
கண்டக்டரும் தூங்கியாச்சு,
விளக்கெல்லாம் அணைச்சாச்சு,
வாண்டு மட்டும் முழிச்சிருக்கா.

இந்த நாலு வரி இல்லாமல் வாண்டு கண்ணை மூடமாட்டாள். அப்பா பாடினால் காதைப் பொத்திக்கொள்வாள். டாக்டரிடமிருந்து வருகிற வழியெல்லாம் அவள் மண்டையில் ஓடியது இதுதான். அடுத்த மாதம் இந்தக் குழந்தை எப்படித் தூங்கும்? வளர்ந்த பிறகு அம்மாவின் குரல் எப்படி இருந்தது என்று யாரிடம் போய்க் கேட்கும்?

தம்பிக்கு போன் போட்டாள். விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கிற இடத்தில் அவனுக்கு வேலை.

"டேய், வீட்லயே பாட்டு பதிவு பண்ண முடியுமா?"

"என்னக்கா, திடீர்னு? சினிமால சான்ஸ் கெடச்சிருச்சா?" என்றான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் கிண்டல் பண்ணவில்லை. மறுநாள் காலையிலேயே ஒரு பழைய லேப்டாப், ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றான்.

வீடு முழுக்கச் சுற்றிக் கைதட்டிப் பார்த்தான். எல்லா அறையும் எதிரொலித்தது. கடைசியில் வாண்டின் அறையில், சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்த பெரிய துணி அலமாரியைத் திறந்து உள்ளே தலையைவிட்டுக் கைதட்டினான். சத்தம் துணிகளுக்குள் புதைந்துபோனது.

"இதான் உன் ஸ்டூடியோ" என்றான்.

கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு முக்காலி போட்டான். தொங்குகிற புடவைகளுக்கும் கோட்டுகளுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால், லேப்டாப் திரையின் வெளிச்சம் மட்டும் இருக்கும். பாச்சை உருண்டை வாசமும் பழைய துணியின் வாசமும் கலந்து அடித்தன.

"ஒரே மூச்சுல பாடணும்னு அவசியமே இல்லக்கா. தப்பு வந்த இடத்த மட்டும் பஞ்ச் பண்ணலாம்" என்று சொல்லிக்கொடுத்தான். "தப்புக்கு முன்னாடி இருந்து உன் பாட்டயே உனக்குப் போட்டுக் காட்டும். நீயும் கூடவே பாடிக்கிட்டு வா. இந்தச் சிவப்புக் கோடு வந்ததும் பழசு நின்னுரும், உன் புதுசு ஏறிக்கும். கூடவே பாடிட்டு வந்தாத்தான் ஒட்டு தெரியாது."

"இருமல் வந்தா?"

"வெட்டித் தூக்கிப் போடு. ஆனா அந்த எடத்த வெறுமனே விட்டுறாத. காதுக்குக் குழியில கால் வச்ச மாதிரி இருக்கும். இந்த அலமாரியோட அமைதியவே கொஞ்சம் பதிவு பண்ணி வச்சுக்கிட்டு, அத அங்க ஒட்டிரு."

அவன் போனபிறகு அவள் செய்த முதல் வேலை அந்த அமைதியைப் பதிவு செய்ததுதான். உட்கார்ந்து பார்த்தாள். அவள் மூச்சின் விசிலே கேட்டது. மூச்சை அடக்கினால் இருமல் வந்தது. சலித்துப்போய், பதிவை ஓடவிட்டுவிட்டு மெல்ல எழுந்து வெளியே வந்து, அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் போய் ஒரு தேநீர் போட்டுக் குடித்தாள். ஆளே இல்லாத அலமாரிக்குள் மைக் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வேலைக்கு லீவு போட்டுவிட்டாள். அன்றிலிருந்து வாண்டு பள்ளிக்கூடம் போன நேரமெல்லாம் அலமாரிக்குள்தான். அந்தப் பாட்டும், அதோடு சில வார்த்தைகளும். "சாப்டியா கண்ணு", "பல்லு தேச்சியா", "அம்மா இங்கதான் இருக்கேன்". அவ்வளவுதான் அவள் பதிவு செய்ய நினைத்தது. ஆனால் அந்த அவ்வளவு லேசில் வந்துவிடவில்லை. முதல் வரியில் குரல் கரகரக்கும். இரண்டாவது வரியில் இருமல். மூன்றாவது வரியில் கொட்டாவி. விடியற்காலை எழுந்து எழுந்து பழகிய உடம்பு, இருட்டைக் கண்டால் தூங்கத்தான் பார்க்கும்.

ஒவ்வொரு முறையும் சிவப்புக் கோட்டை நகர்த்திவைத்துவிட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

"சரி... இன்னொரு தடவ."

உண்மையைச் சொன்னால், அவள் தினமும் பாடுகிற பாட்டில் இருமலும் கொட்டாவியும் இல்லாமல் இருந்ததே கிடையாது. பாதி வரியில் கண் செருகும். மூன்றாவது வரியை விழுங்கிவிடுவாள். வாண்டு பிடித்து உலுக்கினால், "தூங்குடி ராசாத்தி, அம்மாவுக்கு முடியல" என்பாள். சிலநாள் எரிந்தும் விழுவாள். அதனால்தான் இந்தப் பதிவில் அதெல்லாம் துளிகூட இருக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். இந்தக் குழந்தைக்குக் களைத்துப்போகாத ஒரு அம்மா வேண்டும். நேரில் கொடுக்க முடியவில்லை, குரலிலாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

இருமலை வெட்டினாள். கொட்டாவியை வெட்டினாள். "முடியல" என்பதை வெட்டினாள். வெட்டிய இடத்திலெல்லாம் அலமாரியின் அமைதியை ஒட்டினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். நாலாவது வரியைப் பஞ்ச் பண்ண உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனில் அவள் முன்பு பாடியது ஓடியது. அவளும் கூடவே முனகிக்கொண்டு வந்தாள். சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு மூச்சு கேட்டது. பாடப்போகிறவர்கள் நெஞ்சை நிரப்பிக்கொள்ள இழுக்கிற மூச்சு.

அவள் அப்போது மூச்சை இழுத்திருக்கவில்லை.

பழைய பதிவில் தன்னுடைய மூச்சுதான் வெட்டாமல் தங்கிவிட்டது என்று நினைத்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சத்தம் இருந்தால் திரையில் அலைபோல மேடும் பள்ளமுமாகத் தெரியும். அங்கே ஒன்றுமே இல்லை. அவள் ஒட்டிய அமைதிதான். மறுபடி ஓடவிட்டாள்.

மூச்சு கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு இருமல்.

அது போன புதன்கிழமை அவள் வெட்டித் தூக்கிப்போட்ட இருமல். தன் இருமல் தனக்குத் தெரியாதா? முதலில் ஒன்று, இடைவெளி விட்டு இரண்டு, கடைசியில் "அம்மாடி" என்று ஒரு முனகல். அந்த இடத்தை மறுபடி வெட்டி, மறுபடி அமைதியை ஒட்டினாள். இருமல் அங்கிருந்து போய்விட்டது. முதல் வரிக்குப் பின்னால் வந்து இருமியது.

திரையில் கோடு நேராக இருந்தது.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தாள். பயந்தாள் என்று சொல்வதைவிட அலுத்துக்கொண்டாள் என்று சொல்வதுதான் சரி. உடம்பு இப்படி, ஆபரேஷன் அப்படி, இதில் இது வேறா என்றிருந்தது.

தம்பி வந்தான். அலமாரிக்குள் குனிந்து உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டான். தலையை ஆட்டி ரசித்துக்கொண்டே வந்தவன் திடீரென்று ஆட்டுவதை நிறுத்தினான்.

"அக்கா, ரெண்டு தடவ பாடி ஒண்ணு மேல ஒண்ணு வச்சியா?"

"இல்லையே. ஏன்டா?"

"அடியில இன்னொரு குரல் கேக்குது. உன் குரல்தான்." அவன் காதை அழுத்திக்கொண்டான். "கொட்டாவி விடுது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவன் சட்டென்று தொழில்காரன் ஆகிவிட்டான். "ஒண்ணும் இல்ல. நீ வெட்டினதெல்லாம் அழியாது, லேப்டாப்லயே ஒரு மூலையில கெடக்கும். அது எங்கயோ கலந்து வருது. மொத்தமா அழிச்சிருவோம்" என்றான். எதையோ அழுத்தினான். உபயோகத்தில் இல்லாத துண்டுகளை நிரந்தரமாக நீக்கவா, நீக்கினால் திரும்பக் கிடைக்காது என்று திரை கேட்டது.

"நீக்கிரவா?"

"நீக்கு. எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள் அவள்.

நீக்கினான். அத்தனை நாள் இருமலும், கொட்டாவியும், அலுப்பும் ஒரு நொடியில் போய்விட்டன. பாட்டைப் போட்டுக் கேட்டான். கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தது. "பாத்தியா, சொன்னேன்ல" என்று சிரித்தான்.

அவன் தலைக்குமேல், தொங்கிக்கொண்டிருந்த துணிகளில் ஒன்று மெல்ல அசைந்து நின்றது. அதை அவள் பார்த்தாள். காற்றுக்கு அங்கே வழியில்லை.

அதற்கடுத்த விடுமுறை நாளில், அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாண்டு வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தது.

"அம்மா, நீ இங்க எப்ப வந்த?"

"இங்கதானடி இருக்கேன் இவ்ளோ நேரமும்."

"போ, பொய் சொல்ற. அலமாரிக்குள்ள உக்காந்து பாடிட்டிருந்த. நான் கதவத் தட்டுனேன். 'இருடி, அம்மாவுக்கு முடியல'ன்ன."

அவள் கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்டாள். ஈரக் கையோடு அறைக்குப் போனாள். லேப்டாப் கூடத்தில் மேஜைமேல் மூடிக் கிடந்தது. மைக்கை முந்தினநாளே பையில் போட்டு வைத்திருந்தாள். அலமாரிக் கதவில் காதை வைத்தாள்.

உள்ளே யாரோ கொட்டாவி விட்டார்கள்.

திறந்தாள். துணிகள் தொங்கின. முக்காலி காலியாக இருந்தது. அதன்மேல் கை வைத்துப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். டார்ச் எடுத்து அலமாரியின் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார், பின்பக்கம் தட்டிப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரால் ஒரு பலகையை நெம்பியும் பார்த்தார். "இங்க பாரு, ஒண்ணுமில்ல. ஆபரேஷன் பயத்துல உனக்கு மனசு சரியில்ல. புள்ளைக்கும் அது தொத்திக்கிச்சு" என்றார். இந்த அலமாரியைப் பிடுங்கி எறியலாம் என்றாள். வாடகை வீட்டில் சுவரோடு கட்டிய அலமாரியை எப்படிப் பிடுங்குவது? வீட்டையே மாற்றலாம் என்றாள். "மொதல்ல நீ தேறி வா" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. பாட்டில் ஒரே ஒரு இடம் பாக்கி. நாலு வரியையும் இரண்டு சுற்று பாடியிருந்தாள், அதில் இரண்டாவது சுற்றில் 'விளக்கெல்லாம் அணைச்சாச்சு' மட்டும் கம்மிப்போயிருந்தது. தம்பியின் ஸ்டூடியோவுக்குப் போகலாமா என்று யோசித்தாள். ஆனால் வேறு இடத்தில் பாடினால் ஒட்டு தெரியும் என்று அவன் சொல்லியிருந்தான். வாண்டுக்கு ஒட்டு தெரியக்கூடாது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு, காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, அலமாரிக்குள் போய் உட்கார்ந்தாள். கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தாள். தெருவின் சத்தம் வந்தது. வேறு வழியில்லாமல் சாத்தினாள்.

இருட்டு. பாச்சை உருண்டை வாசம். திரையில் சிவப்புக் கோடு.

"சரி..." என்று ஆரம்பித்தவள், மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

ஹெட்ஃபோனில் அவள் குரல் பாடியது. கடைசி வண்டி போயாச்சு. அவளும் கூடவே பாடினாள். கண்டக்டரும் தூங்கியாச்சு. கோடு நெருங்கியது. கோடு வந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

காற்று மட்டும்தான் வந்தது.

தொண்டை அடைத்துக்கொண்டுவிட்டது. ஆனால் திரையில் அலை எழும்பிக்கொண்டிருந்தது. மேடும் பள்ளமுமாக, ஒரு முழு வரிக்கு உண்டான அலை. ஹெட்ஃபோனில் அந்த வரி கேட்டது. இழுத்து இழுத்து, தூக்கக் கலக்கத்தில், பாதியை விழுங்கிக்கொண்டு.

அவள் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள்.

பாட்டு நிற்கவில்லை.

அவள் தோளுக்குப் பக்கத்தில், புடவைகளுக்குள்ளிருந்து வந்தது. வரியின் கடைசியில் ஒரு கொட்டாவி. உதடுகள் ஒட்டிப் பிரிகிற சின்னச் சத்தம். கன்னத்தில் சூடான மூச்சு பட்டது. மருந்தின் கசப்பு வாசம் அதில் இருந்தது, அவள் வாயில் இருக்கிற அதே வாசம்.

"சரி... இன்னொரு தடவ" என்றது.

கதவை இடித்துத் திறந்துகொண்டு வெளியே விழுந்தாள்.

அதன்பிறகு அவள் அலமாரிப் பக்கம் போகவில்லை. கம்மிப்போன வரிக்குப் பதிலாக முதல் சுற்றிலிருந்த அதே வரியை எடுத்துத் தம்பி தன் இடத்திலேயே ஒட்டிக் கொடுத்தான். பாட்டு முடிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாண்டை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, இருந்த குரலில் நாலு வரியையும் பாடினாள். மூன்றாவது வரியை விழுங்காமல் பாடினாள். வாண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா திரும்பி வந்ததும் பேசமாட்டேன், சரியா? கைதட்டிக் கூப்பிடுவேன்" என்றாள்.

"அப்ப அலமாரி அம்மா?" என்றது வாண்டு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. இனி மூச்சு அந்த வழியாகத்தான். வீட்டுக்கு வந்தபோதும் லிஃப்ட் ஓடவில்லை. வீட்டுக்காரரும் தம்பியும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் விடற மாப்ள, சொந்தப் பொண்டாட்டிக்கு ஆள் வச்சுத் தூக்கறார்" என்று தம்பி சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு கழுத்து வழியாகக் காற்றாகப் போனது.

மதியம் வீட்டுக்காரர் வாண்டைப் படுக்கவைத்து, போனில் அந்தப் பாட்டைப் போட்டார். அவள் கதவோரம் நின்று கேட்டாள். எவ்வளவு தெளிவு, எவ்வளவு இனிமை. தானா இது என்று அவளுக்கே கண்கலங்கியது. பட்ட பாட்டுக்குப் பலன் இருக்கிறது என்று நினைத்தாள்.

வாண்டு எழுந்து உட்கார்ந்தது.

"இது யாரு?"

"அம்மாதான்டா தங்கம்."

"இல்ல. அம்மா இப்படிப் பாடமாட்டா. அம்மா நடுவுல இருமுவா. தூங்கிருவா. நான் எழுப்பணும்." உதடு பிதுங்கியது. "இது வேற யாரோ. நிறுத்துப்பா, எனக்குப் பயமா இருக்கு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்கு எது வேண்டுமோ அதையெல்லாம் பொறுக்கியெடுத்து அவளே அழித்திருக்கிறாள். நீக்கு, எனக்கு எதுக்கு என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். அந்த வாய் இப்போது திறந்தாலும் ஒன்றுமில்லை.

கட்டிலைக் கூடத்துக்கு மாற்றச்சொல்லி வாண்டின் சிலேட்டுப் பலகையில் எழுதிக் காட்டினாள். மாற்றினார்கள். வாண்டு கூடத்தில் தூங்கவில்லை. அப்பா பாடினார், மாமா பாடினான், பொம்மைகள் வந்தன, ஒன்றும் பலிக்கவில்லை. நாளுக்குநாள் குழந்தையின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடியே விழுந்துவிட்டாள் என்று டீச்சர் போன் செய்தார். ஒரு மதியம் வாண்டைக் காணவில்லை. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அவள் கைதட்டிக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போனாள்.

பழைய அறையில், அலமாரியின் முன்னால், வெறுந்தரையில் வாண்டு சுருண்டு படுத்திருந்தது. அலமாரிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து பாட்டு வந்தது.

கடைசி வண்டி போயாச்சு. இருமல். கண்டக்டரும்... கொட்டாவி. மூன்றாவது வரி இல்லை. "தூங்குடி ராசாத்தி, அம்மாவுக்கு முடியல."

வாண்டின் விரல் வாயில் இருந்தது. கண் முக்கால்வாசி மூடியிருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு முகத்தின் இறுக்கம் தளர்ந்திருந்தது.

அவள் பாய்ந்துபோய் அலமாரியைத் திறந்தாள். துணிகள். முக்காலி. அமைதி. வாண்டு திடுக்கிட்டு விழித்து வீறிட்டு அழ ஆரம்பித்தது. கட்டியணைத்தாள், தட்டிக்கொடுத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். குழந்தை அவள் கையைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு அழுதது.

"சாத்து! கதவச் சாத்தும்மா! பாடட்டும்!"

அழுது அழுது குழந்தைக்கு மூச்சு ஏங்கியது. அவளுக்கும் தூக்கம் போய் எத்தனையோ நாளாகியிருந்தது. கழுத்துப் புண் விண்ணென்று வலித்தது.

அவளே அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே யாரோ மூச்சை இழுத்தார்கள். மூக்கு வழியாக, வாய் வழியாக, அவளால் இனி இழுக்கவே முடியாத மாதிரி.

"சரி... இன்னொரு தடவ."

அவள் பாயை இழுத்துப்போட்டு, வாண்டை எதிர்ச்சுவர்ப் பக்கம் கிடத்தி, தான் நடுவில் படுத்துக்கொண்டாள். முதுகை அலமாரிக்குக் காட்டி, குழந்தையை மறைத்துக்கொண்டாள். வாண்டின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எதுவாக இருந்தாலும் தன்னைத் தாண்டித்தான் போகவேண்டும், பாடிவிட்டுப் போகட்டும், தான் மட்டும் தூங்கிவிடக் கூடாது என்று முடிவு செய்தாள். திரைச்சீலைக்கு வெளியே நல்ல வெயில். கீழே தெருவில் யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு ஓடியது. இருமல் வரவேண்டிய இடத்தில் இருமல் வந்தது. வாண்டு அழகாகத் தூங்கிப்போனது. பாட்டு நின்றது.

"தூங்கிட்டா" என்றது அலமாரி.

அவள் அசையவில்லை.

"நீயும் தூங்குடி. பாவம், எத்தன நாளாச்சு. இவள நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தைகளை அவள் ஒருநாளும் பதிவு செய்யவில்லை. வெட்டவும் இல்லை. வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். கழுத்துத் துணி ஒருமுறை படபடத்து அடங்கியது. கைதட்டிக் கூப்பிட வேண்டும் என்றால் வாண்டின் கையை விடவேண்டும். விடமாட்டேன் என்று இன்னும் இறுக்கினாள்.

முதுகுக்குப் பின்னால் கீல் முனகியது.

பாச்சை உருண்டை வாசம் வந்தது. பாயின் ஓரம் லேசாக அமுங்கியது. அவள் தோள்மேல் ஒரு கை விழுந்தது. கனமில்லாத, வெதுவெதுப்பான கை. தட்ட ஆரம்பித்தது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். வாண்டை அவள் தட்டுகிற அதே தட்டு.

தூங்கக்கூடாது, தூங்கக்கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் இதமாக இருந்தது. அவளை யாராவது இப்படித் தட்டித் தூங்கவைத்து எத்தனை வருஷமாயிற்று. காதோரம் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை மூன்றாவது வரியும் வந்தது.

விளக்கெல்லாம் அணைச்சாச்சு.

வாண்டின் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.